ஏ.சி. காப்பர் பைப்: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஏ.சி. உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் ஏணி தூக்கிய மெக்கானிக். பங்குனி பிறந்துவிட்டால் கல்லாவில் பில் போடுவதைவிடப் பதில் சொல்வதுதான் அதிகம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் கேட்டவை முதலில், மெக்கானிக் தம்பிகள் கேட்டவை பின்னால். எல்லாமே ஸ்பிளிட் ஏ.சி. பற்றியவை.

அண்ணே, உள்ள இருந்து வெளிய போற அந்த ரெண்டு பைப்புல என்னதான் ஓடுது?

நாம் ‘கேஸ்’ என்று சொல்கிற குளிர்பதனப் பொருள். மெல்லிய பைப் வழியாகக் குளிர்ந்த திரவமாக, கொஞ்சம் ஆவியும் கலந்து இன்டோருக்குப் போகும். அங்கே அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு முழுக்க ஆவியாகித் தடித்த பைப் வழியாக வெளியே வரும். அவுட்டோரில் கம்ப்ரசர் அதை அழுத்த, வாங்கிய சூட்டை வெளிக்காற்றில் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகும். இப்போது வரும் ஏ.சி.களில் அதிகம் இருக்கும் ஆர்-32 திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் திரவமாகப் பிடித்து வைத்திருப்பது அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பது பைப்.

அளவு கேட்டால்: மெல்லியது பெரும்பாலும் 1/4 இன்ச். தடித்தது 1 டன்னுக்கு 3/8, ஒன்றரை டன்னுக்கு 1/2, 2 டன்னுக்கு 5/8 என்பது பொதுக்கணக்கு. கடையில் மூணு நூல், அரை இன்ச், அஞ்சு நூல் என்று கேட்டால் போதும். சில மாடல்களில் மாறும், அவுட்டோர் வால்வைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு சித்திரைக்கும் கேஸ் தீர்ந்து போகுது. வருசா வருசம் போட்டுத்தான் ஆகணுமா?

தீராது. அடுப்பு சிலிண்டரில் இருப்பது எரிந்து தீரும், இதை ஏ.சி. எரிப்பதில்லை. ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வீட்டு ஃபிரிட்ஜ் பத்து, பதினைந்து வருஷம் ஓடுகிறதே, அதற்கு யாராவது வருஷம் தவறாமல் கேஸ் போட்டோமா? அங்கே இணைப்பெல்லாம் கம்பெனியிலேயே பற்றவைத்து வருகிறது. ஸ்பிளிட் ஏ.சி.யில் உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று நான்கு ஃபிளேர் நட் (பைப்பின் வாயை விரித்து நட்டால் இறுக்குவது) இணைப்புகளை நம் வீட்டுச் சுவர் ஓரமாக நின்று ஒரு ஆள் கையால் போடுகிறார். ஒழுகல் பெரும்பாலும் அந்த நான்கில் ஒன்றில்தான்.

வில்லாபுரத்தில் ஒரு டீச்சர் வீட்டில் நான்கு கோடைக்கும் நான்கு தடவை கேஸ் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். நட்டை முறுக்கின முறுக்கில் பைப்பின் வாய் முடி அளவுக்கு வெடித்திருந்தது. வாயை வெட்டிவிட்டுப் புது ஃபிளேர் போட அரை மணி நேரம் ஆனது. ஒழுகும் இடத்தைப் பார்க்காமல் கேஸ் மட்டும் போடச் சொல்பவரிடம் ‘எங்கே ஒழுகுது’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்டோர்ல இருந்து தண்ணி வரல, ஆனா பைப் போற வழியெல்லாம் சொட்டுது. ஏன்?

சில்லென்ற சொம்பு வியர்க்கிற மாதிரிதான். இன்சுலேஷன் கிழிந்த இடத்தில் காற்றின் ஈரம் பைப்பில் படிந்து சொட்டுகிறது. வெள்ளை ஃபோம் மலிவு, ஆனால் மொட்டை மாடி வெயிலில் சீக்கிரமே பொரபொரவென்று உதிரும். மிச்சத்தை அணில் கூட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். கறுப்பு நைட்ரைல் ரப்பர் போடுங்கள், வெயில் படும் தூரத்துக்கு அதை ஒரு பி.வி.சி. பைப்புக்குள்ளோ சேனலுக்குள்ளோ விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ‘மெல்லிய பைப்புக்குச் சுற்ற வேண்டியதில்லை’ என்று சிலர் சொல்வார்கள். திரவத்தின் அழுத்தத்தைக் குறைக்கிற கேபிலரியோ வால்வோ இன்டோரில் இருந்தால் அது சரி. வீட்டு ஸ்பிளிட்களில் அது பெரும்பாலும் அவுட்டோரிலேயே இருக்கிறது. அதனால்தான் முதல் கேள்வியில் மெல்லிய பைப்பிலும் ‘குளிர்ந்த திரவம்’ என்று எழுதினேன். இரண்டுக்கும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒரே குழலுக்குள் திணித்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் போகும்.

பைப்புல ஐஸ் கட்டுது. நல்லா கூலிங் ஆகுதுன்னுதானே அர்த்தம்?

இல்லை. மெல்லிய பைப் வால்விலிருந்து புறப்படும் இடத்தில் ஐஸ் பிடித்து, தடித்த பைப் சில்லென்றே இல்லாமல் இருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். தடித்த பைப்பிலும் வெள்ளையாக ஐஸ் ஏறியிருந்தால் முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். உள்ளே காற்று ஓடாமல், இன்டோருக்குள் இருக்கும் குழாய்ச் சுருளான ‘காயில்’ உறைந்திருக்கும். ஃபில்டர் கழுவாத வீட்டுக்குக் கேஸ் போட்டுப் பில் வாங்கின கதைகள் ஊரில் நிறைய உண்டு.

கடைக்குக் கடை ரேட்டு வேற. நல்ல காப்பர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எடை போட்டுப் பாருங்கள். பளபளப்பை நம்பாதீர்கள். பைப்பின் சுவர்க் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வோம். எண் கூடினால் கனம் குறையும்: 20 கேஜ் 0.91 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.71, 24 கேஜ் 0.56. மூன்றும் வெளியே பார்க்க ஒரே அளவுதான், வித்தியாசம் உள் விட்டத்தில் ஒளிந்திருக்கும். அரை இன்ச் பைப் ஒரு மீட்டர் 22 கேஜில் சுமார் 240 கிராம் நிற்கும், 24 கேஜில் சுமார் 190. கால் இன்ச் 22 கேஜ் மீட்டருக்கு 113 கிராம். ஆக ஒன்றரை டன்னுக்கு 3 மீட்டர் ஜோடி வாங்கினால், இன்சுலேஷன் இல்லாமல் காப்பர் மட்டும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். 22 கேஜ் என்று சொல்லி 800 கிராம் தந்தால் கணக்கு உதைக்கிறது.

நான் வீட்டுக்கு 22 கேஜைவிட மெல்லியதைத் தருவதில்லை. 24 கேஜ் வளைக்கும்போது மடிகிறது, ஃபிளேர் போடும்போது வாய் கிழிகிறது. விலை குறைவு என்று வாங்கினால் மிச்சப்பட்டதைக் கேஸுக்குக் கொடுப்பீர்கள்.

அலுமினியம் பைப் பாதி விலைக்குக் கிடைக்குது, போடலாமா?

அலுமினியமே ஓடும், ஓடாதென்று சொல்லமாட்டேன். சிக்கல் அது காப்பரோடு சேரும் இடத்தில். இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் இருந்தால் அலுமினியம் அரிக்கும். பைப் சொட்டும் கேள்வியில் சொன்ன வியர்வை போதும், அந்த ஈரத்துக்கு. பழுதானால் சந்துக்குள் வைத்துப் பற்றவைப்பதும் எல்லாருக்கும் வராது. என் வீட்டில் காப்பர்தான்.

இந்தப் புது கேஸ் வெடிக்குமாமே? குழந்தைங்க தூங்குற ரூம் அண்ணே.

ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் வகை, உண்மைதான். ஆனால் காற்றில் சுமார் 14 சதவீதம் கலந்தால்தான் பற்றும். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.க்குள் இருக்கும் 900 கிராம் கேஸும் மொத்தமாகக் கொட்டி அறை முழுக்கப் பரவினாலும் ஒன்றரை சதவீதம்தான் வரும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஒழுகுகிறது என்று தெரிந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு ஜன்னல் கதவைத் திறந்து வையுங்கள்.

பயப்பட வேண்டியவர்கள் தூங்குபவர்கள் அல்ல, வேலை செய்பவர்கள். பைப்பில் கேஸ் இருக்கும்போதே பற்றவைக்கும் டார்ச்சைப் பிடித்தால் தீப்பிடிக்கும், எரியும்போது நச்சுப் புகையும் வரும்.

ஆனையூர்ல வீடு கட்டுறோம். பைப்பை இப்பவே சுவத்துக்குள்ள விட்டுறலாமா?

விடலாம், பூச்சு வேலைக்கு முன்னால். சுவருக்குள் இணைப்பே இருக்கக்கூடாது, இந்த முனை முதல் அந்த முனை வரை ஒரே பைப். ஃபிளேர் நட்டைச் சுவருக்குள் புதைத்தால் பின்னாளில் சுவரை உடைக்க வேண்டும். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப்புக்கும் இப்போதே வாட்டம் பார்த்துக் காடி வெட்டுங்கள். பைப் போட்டுவிட்டு ட்ரெயினை மறந்த வீடுகள் ஏராளம்.

வீடு முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கும். அதுவரை இரண்டு முனையையும் நசுக்கிப் பற்றவைத்து மூடி வையுங்கள். துணி சுற்றி விட்டால் சிமென்ட் பால் இறங்கும், குளவி உள்ளே மண் கூடு கட்டும். ஊமச்சிகுளம் பக்கம் ஒரு வீட்டில் புது ஏ.சி. மாட்டின அன்றே குளிரவில்லை. பைப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே கெட்டியான மண் உருண்டை.

அவுட்டோரை மொட்டை மாடில வச்சா கூலிங் குறையுமா? எவ்வளவு தூரம் போகலாம்?

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. ஒட்டுச் சுவர், சந்தில் இடமில்லை, மாடிதான் கதி. சின்ன ஏ.சி.களுக்கு 15 மீட்டர் வரை நீளம் அனுமதிப்பது சகஜம். உயர வித்தியாசத்துக்குத் தனி வரம்பு உண்டு, கையேட்டில் இருக்கும். தூரம் கூடக்கூடக் குளிர்ச்சி கொஞ்சம் குறையும். கம்பெனி போட்டு அனுப்பும் கேஸ் குறிப்பிட்ட நீளத்துக்குத்தான், 5 மீட்டர் என்று வையுங்கள். அதற்கு மேல் 1/4 இன்ச் லைனில் மீட்டருக்கு 15 முதல் 20 கிராம் வரை கூட்டச் சொல்வார்கள். 12 மீட்டர் என்றால் 105 முதல் 140 கிராம். இதைத் தராசு வைத்துப் போட வேண்டும். ‘பிரஷர் பார்த்துப் போடுறேன்’ என்பது குத்துமதிப்பு.

மேலே வைப்பதில் இன்னொரு விஷயம் எண்ணெய். கம்ப்ரசர் எண்ணெயில் கொஞ்சம் கேஸோடு கிளம்பி வரும். அது தடித்த பைப் வழியாக மேலேறித் திரும்பிப் போக வேண்டும், ஏற்றிவிடுவது ஆவியின் வேகம். அதனால்தான் ஏற்றத்தின் அடியில் ஒரு யு வளைவு போடச் சொல்கிறார்கள், நீளமான ஏற்றமென்றால் இடையிலும். ‘பெரிய பைப் போட்டா கூலிங் கூடும்’ என்று அரை இன்ச்சுக்குப் பதில் அஞ்சு நூல் போடாதீர்கள். வேகம் குறைந்து எண்ணெய் கீழேயே தங்கும், கம்ப்ரசர் காய்ந்துபோகும்.

மிச்ச பைப்பை வெட்ட மனசில்ல. பின்னாடி சுருட்டி வச்சுக்கலாமா?

வைக்கலாம், படுக்கைவாட்டில். சக்கரம் மாதிரி நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு சுற்றின் அடியிலும் முன் பதிலில் சொன்ன எண்ணெய் தேங்கும். அதற்காக ஒரேயடியாக வெட்டிக் குட்டையாக்கவும் வேண்டாம். பல கம்பெனிகள் குறைந்தது 3 மீட்டராவது இருக்கச் சொல்கின்றன, இல்லையென்றால் அதிர்வும் சத்தமும் உள்ளே வரும்.

பழைய ஏ.சி.யோட பைப் சுவத்துல அப்படியே இருக்கு. புது ஏ.சி.க்கு அதையே மாட்டலாம்ல?

பழையது எந்தக் கேஸ் என்பதைப் பொறுத்தது. ஆர்-22 என்றால் யோசிக்க வேண்டும். ஓசோனைக் கெடுப்பதால் 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிற கேஸ் அது. 35 டிகிரி வெயிலில் ஏ.சி. ஓடாமல் நிற்கும்போதே ஆர்-22 சுமார் 180 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும், ஆர்-32 சுமார் 300. ஆர்-22 காலத்து மெல்லிய பைப்பும் அப்போது போட்ட ஃபிளேர் வாயும் இதைத் தாங்கும் என்று நான் எழுதித் தரமாட்டேன். எண்ணெயும் வேறு. பழையதில் மினரல் ஆயில், புதியதில் ஈரத்தை இழுக்கும் செயற்கை எண்ணெய். இரண்டும் கலந்து நிற்கக்கூடாது.

பழையதும் ஆர்-32 அல்லது ஆர்-410ஏ, அளவும் அதே, கனமும் 22 கேஜ் என்றால் மாட்டலாம். உள்ளே ஃபிளஷ் செய்து, இரு முனையையும் வெட்டிப் புது ஃபிளேர் போட்டு, கீழே வரும் நைட்ரஜன் சோதனையும் முடித்துவிட்டு. பழைய கம்ப்ரசர் எரிந்து போயிருந்தால் மட்டும் அந்தப் பைப்பை விட்டுவிடுங்கள், உள்ளே அமிலம் படிந்திருக்கும்.

வீடு மாத்துறோம். இருக்குற கேஸை வீணாக்காம எடுத்துட்டுப் போக முடியுமா?

முடியும். ‘கேஸ் லாக்’ என்று சொல்வது இதைத்தான். ஏ.சி.யைக் கூலிங்கில் ஓடவிட்டு மெல்லிய பைப் வால்வை முதலில் மூட வேண்டும். கம்ப்ரசர் மிச்சத்தையெல்லாம் இழுத்து அவுட்டோருக்குள் சேர்த்துக்கொள்ளும். தடித்த பக்கத்தில் மாட்டிய, அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த வால்வையும் மூடி, உடனே ஏ.சி.யை நிறுத்திவிட வேண்டும்.

இதில் விளையாடக்கூடாத இடம் ஒன்று உண்டு. கேஸ் ஒழுகிப்போன ஏ.சி.யிலோ, நட்டைத் தளர்த்திவிட்டோ இதைச் செய்தால் கம்ப்ரசர் காற்றை இழுக்கும். காற்றும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அழுந்தினால் டீசல் இன்ஜினுக்குள் நடப்பதுதான் நடக்கும், கம்ப்ரசரே வெடித்துச் சிதறலாம். கேஜ் மாட்டாமல் ‘காதால கேட்டே மூடிருவேன்’ என்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அண்ணே, வேக்கம் போடாம கொஞ்சம் கேஸ் விட்டுக் காத்தைத் தள்ளுனா போதும்ல? சீசன்ல எங்க நேரம்?

இங்கிருந்து மெக்கானிக் தம்பிகளின் கேள்விகள். வேக்கம் என்றால் பைப்புக்குள் இருப்பதைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. போதாது தம்பி. காற்று ஓரளவு போகும், ஈரம் போகாது. முன்பு சொன்ன செயற்கை எண்ணெய் அந்த ஈரத்தைக் குடித்து அமிலமாகும். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அழுத்தத்தை 25 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறக்கினால் 26 டிகிரியிலேயே கொதிக்கும். மதுரையில் மார்கழிப் பகலில்கூடப் பைப் அதைவிடச் சூடாக இருக்கும். ஈரம் தானாக ஆவியாகி பம்ப் வழியே வெளியேறும். வேக்கத்தை நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் வைத்து 500-க்குக் கீழே இறக்கி, பம்பை மூடிவிட்டுப் பத்து நிமிஷம் பார். ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம், ஏறிக்கொண்டே போனால் ஒழுகல்.

சோப்பு நுரை பாத்தேன், லீக் இல்ல. அப்பவும் நைட்ரஜன் எதுக்கு?

நுரை பெரிய ஒழுகலைக் காட்டும். மாசத்துக்குச் சில கிராம் போவதைக் காட்ட அழுத்தம் வேண்டும். ரெகுலேட்டர் மாட்டி, பெயர்த் தகட்டில் உள்ள அளவைத் தாண்டாமல் ஏற்று. ஆர்-32 லைனுக்கு நான் 400 பி.எஸ்.ஐ. ஏற்றி ஒரு ராத்திரி விடுவேன். நைட்ரஜன் தீர்ந்துபோனது என்று வெல்டிங் செட்டில் இருக்கும் ஆக்சிஜனை விடாதே. எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் உயிர் போகும்.

காலையில் வந்து பார்த்துவிட்டு ‘13 குறைஞ்சிருக்கு, லீக்’ என்று ஒரு தம்பி சுவரையே உடைக்கப் போனார். மாலையில் ஏற்றும்போது 38 டிகிரி, விடியற்காலையில் 28. பத்து டிகிரி இறங்கினால் 400-இல் 13 குறைவது வாயுவின் இயல்பு. ஏற்றும்போது அழுத்தத்தோடு வெப்பத்தையும் சுவரில் பென்சிலால் எழுதி வை.

பிரேசிங் பண்ணும்போதும் நைட்ரஜன் ஓடணுமா?

ஓடணும், மெல்லிசாக. இல்லையென்றால் பற்றவைக்கும் சூட்டில் பைப்பின் உட்புறம் கறுத்துச் செதில் செதிலாகக் காப்பர் ஆக்சைடு எழும். அது நேராகப் போய்க் கேபிலரியிலோ எக்ஸ்பான்ஷன் வால்விலோ அடைக்கும். பற்றவைத்த துண்டு ஒன்றை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் நீயே கேட்கமாட்டாய்.

நட்டுல லீக் இல்ல, வெல்டிங்ல இல்ல. புது இன்டோர் காயிலே ஒழுகுது, ஓட்டையும் தெரியல. என்ன மாயம்?

எறும்புப் புற்று அரிப்பு என்று இதற்குப் பெயர். வெளியே ஊசி முனைப் புள்ளிதான் தெரியும். அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால் செம்புக்குள் புற்று மாதிரி வளைந்து வளைந்து பாதை போகும். ஈரம், காற்று, கூடவே ஃபார்மிக், அசிட்டிக் மாதிரியான அமிலங்களின் ஆவி, மூன்றும் செம்போடு சேர்ந்தால் இது வரும். புது பிளைவுட் பசை, சில கிளீனர் திரவங்கள், காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் எல்லாம் அந்த ஆவிக்கு வழி. புது வீட்டில் மரவேலை முடிந்த வாசனை போகும்வரை ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல். காயிலுக்குக் கண்ட கெமிக்கலையும் அடிக்காதே.

கொடைக்கானல்ல ஒரு காட்டேஜுக்கு ஹாட் அண்ட் கோல்ட் மாட்டுறேன். பைப்புல வித்தியாசம் உண்டா?

பைப் அதேதான், ஓட்டம் தலைகீழ். சூடாக்கும்போது கம்ப்ரசரிலிருந்து வரும் சுடு ஆவி தடித்த பைப் வழியாக உள்ளே போகும். வெள்ளை ஃபோம் அந்தச் சூட்டில் சுருங்கிப் பைப்போடு ஒட்டிக்கொள்ளும், அங்கே நைட்ரைல் தவிர வேறு வேண்டாம். அவுட்டோர் சில்லென்று ஆகி அதிலிருந்து தண்ணீர் சொட்டும், அதற்கும் ஒரு வழி விடு. கேஸ் லாக் செய்வது மட்டும் எப்போதும் கூலிங்கில்தான்.

அங்க போயி வேக்கம் போட்டா முள்ளு 23-ஐத் தாண்ட மாட்டேங்குது. பம்ப் போச்சா?

இதைக் கேட்டுப் பம்பையே பிரித்துப் போட்டுக்கொண்டு வந்தார் ஒரு தம்பி. பம்ப் நல்ல பம்ப். முள் கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் பைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை. மதுரையில் காற்றழுத்தம் சுமார் 29 இன்ச் பாதரசம், அதனால் முள் 29 வரை போகும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றே 23 இன்ச்தான். பைப்புக்குள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் முள் அங்கேயே நிற்கும். மைக்ரான் கேஜுக்கு இந்தக் குழப்பம் கிடையாது, மேலே போகும்போது அதை எடுத்துக்கொண்டு போ.